தெரியாத ஊர்ப் படகு

எங்கள் கடற்கரையில் ஒரு காலத்தில் பழைய மரக்கலத்தை யாரும் ஓட்டிப் பார்த்து வாங்கியதில்லை. லாஞ்சி என்கிற விசைப்படகை வாங்குவதற்காக என்னைக் கூட்டிப்போக வரும் பையன்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அவ்வளவு பணம் போட்டு வாங்குகிற சாமானைப் பார்க்காமலா வாங்கினார்கள் என்று கேட்கிறார்கள். பார்த்தார்கள்தான். ஆனால் வாங்கப்போகிற அன்றைக்குப் பார்க்கவில்லை. அது உருவான நாளிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தூத்துக்குடி பழைய துறைமுகத்து ஓரத்தில் என் அப்பா ஓடாவியாக, அதாவது மரக்கலம் கட்டுகிற தச்சராக, வேலை பார்த்தார். ஒரு தோணிக்கு ஏரா என்கிற அடிமரம் வைக்கிற அன்றே அதன் கதை ஊருக்குள் ஓடத் தொடங்கிவிடும். ஏராவுக்கு மரம் எங்கிருந்து வந்தது, வங்கு என்கிற விலாமரங்களுக்குக் கருவேலம் எந்தக் கண்மாய்க் கரையில் வெட்டியது, பணம் யார் போட்டது, பாதியில் யார் கையை விரித்தது, எந்தத் தண்டல் முதலில் ஓட்டினார், எந்தப் புயலில் தரை தட்டியது, தட்டிய பிறகு எந்தப் பக்கத்துப் பலகையை மாற்றினார்கள் என்று எல்லாம் எல்லோருக்கும் தெரியும். பல வருஷம் கழித்து அந்தத் தோணி கைமாறும்போது அப்பாவைக் கூப்பிடுவார்கள். நல்ல தோணியா, கெட்ட தோணியா என்று அவரிடம் யாரும் கேட்க மாட்டார்கள். "இதைச் சீர்பண்ண எவ்வளவு ஆகும் மேஸ்திரி?" என்றுதான் கேட்பார்கள். அவர் சொன்ன தொகையை விலையில் கழிப்பார்கள். அத்தோடு பேச்சு முடிந்தது.

நான் ஓடாவி ஆகவில்லை. டீசல் என்ஜின் பக்கம் போய்விட்டேன். மரத்தைப் பற்றிக் காதில் விழுந்ததும் என்ஜினைப் பற்றிக் கையில் பட்டதும் சேர்ந்ததால், பழைய படகு வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிப்போகிறார்கள். நாகப்பட்டினம், மண்டபம், சின்னமுட்டம் என்று போயிருக்கிறேன். இத்தனை காலம் இதைச் செய்த பிறகு எனக்கு ஒன்று தோன்றுகிறது. படகைத் தட்டிப் பார்ப்பதும் கத்தியால் குத்திப் பார்ப்பதும் வெள்ளோட்டம் விடுவதும் கடல் கற்றுக்கொடுத்த வித்தை அல்ல. விற்கிறவனும் வாங்குகிறவனும் ஒருவரை ஒருவர் அறியாதவர்களாகிப் போனதால் வந்த பழக்கம் அது.

தோணிக் காலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிக் கரையோரம் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையில் சரக்கைச் சுமந்தவை தோணிகள். பாய் விரித்துக் கொழும்புக்கும் போய்வந்தன. ஜோ டி குரூஸ் 'கொற்கை' நாவலில் எழுதியிருப்பது இந்தத் தோணிக்காரர்களின் உலகத்தைத்தான். 1974இல் புதிய துறைமுகம் வந்த பிறகு கப்பல்கள் நேராக உள்ளே வந்து கட்டத் தொடங்கின. தோணிக்கு அந்த வேலை போயிற்று. பாய் போய் என்ஜின் ஏறி, மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகிற தோணிகள் பின்னாலும் இருந்தன.

அந்தத் தோணியில் கெடுதல் எங்கே இருக்கும் என்பது அப்பாவுக்கு ஏறிப் பார்க்கும் முன்பே தெரியும். உப்புத் தண்ணீர் மரத்தைக் கெடுக்காது. கெடுப்பது மழைத் தண்ணீர். மேல்தட்டின் இடுக்கு வழியாக இறங்கி, வங்கின் தலைமாட்டில் காற்றோட்டமில்லாமல் தேங்கி நிற்கிற நல்ல தண்ணீர்தான் மரத்தை இற்றுப்போக வைக்கும். அதனால்தான் உப்பு ஏற்றிய தோணிக்கு ஆயுசு கூடுதல் என்பார்கள். அப்பா தோணிக்குள் இறங்கினால் அடியில் நிற்கிற தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைப்பார். கரித்தால் பலகை இடுக்கை அடைத்த கலப்பத்து விட்டிருக்கிறது என்று அர்த்தம். பஞ்சுத்திரி அடித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினால் தீர்ந்தது. கரிக்காவிட்டால் முகம் மாறிவிடும். உடனே மேல்தட்டுப் பக்கம் போவார்.

இன்னொன்று புழு. பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனத்தைச் சேர்ந்தது. குண்டூசித் தலையளவு துளை போட்டு உள்ளே நுழையும்; பிறகு மரத்துக்குள்ளேயே வளர்ந்து நீளும். வெளியே பலகை வழவழப்பாகப் புதிதுபோல் இருக்கும், உள்ளே சல்லடை. கண்ணை ஏமாற்றுகிற இந்தப் பிராணிக்குப் பயந்து இங்கிலாந்துக் கடற்படை 1761இல் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்துப் பார்த்தது. செம்புக்கு இங்கே யாரிடம் பணம்? கலத்தைக் கரையேற்றிச் சாய்த்து, பாசியையும் கொட்டலசையும் சுரண்டி, சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்துப் பூசினார்கள். புழு இருக்கிற பலகையைக் காதுதான் கண்டுபிடிக்கும். சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனால் நல்ல மரம் கணீரென்று பேசும். புழு தின்ற இடம் வந்ததும் சத்தம் செத்துவிடும். தேங்காயைத் தட்டி வாங்குகிற பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் இந்தத் தட்டலும் சுவைத்தலும் வாங்கலாமா என்பதற்கான சோதனை அல்ல, எவ்வளவு செலவாகும் என்பதற்கான கணக்கு. வாங்கலாமா என்பதை முடிவு செய்தது வேறொன்று. அதற்கு ராசி என்று பெயர். ஆள் விழுந்து செத்த தோணி, பங்காளிச் சண்டையில் கட்டிய தோணி, ஏறிய தண்டலையெல்லாம் கடனாளியாக்கிய தோணி என்று பட்டியல் உண்டு. இது வெறும் மூடநம்பிக்கை என்று படித்தவர்கள் ஒதுக்குவார்கள். நான் அப்படி ஒதுக்க மாட்டேன். ராசி என்பது ஊர் எழுதாமல் வைத்திருந்த பதிவேடு. தொடர்ந்து விபத்து நடக்கிற கலத்தில் ஏதோ கோணல் இருக்கத்தான் செய்யும்: ஏரா நேராக இல்லாமல் இருக்கலாம், பாய்மரம் முன்தள்ளி நிற்கலாம், மேல்பாரம் கூடியிருக்கலாம். காரணம் தெரியாவிட்டாலும் விளைவு ஞாபகத்தில் நின்றது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் 'கப்பல் சாத்திரம்' என்ற பழைய தமிழ்ச் சுவடியை அச்சிட்டது. ஏராவின் அளவும் மரமும் நாளும் நட்சத்திரமும் அதில் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன. அளவையும் சகுனத்தையும் தனித்தனியாக வைத்துப் பார்க்கிற பழக்கம் அந்தக் காலத்து ஓடாவிக்கு இல்லை.

கட்டுமரத்துக்கு இந்தக் கவலையே கிடையாது. கடலிலிருந்து வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போட்டுவிடுவார்கள். ஒளித்துவைக்க இடமே இல்லாத கலம் அது. தண்ணீர் குடித்துக் கனத்துப்போனதா என்று பார்க்க ஒரு முனையைத் தூக்கினால் போதும். சென்னைக் கரையில் அலையைத் தாண்டிய மசுலாப் படகில் ஆணியே இல்லை, கயிற்றால் தைத்தது. அது ஒழுகும் என்பது எல்லோருக்கும் தெரியும்; இறைத்துக்கொட்ட ஆளும் கூடவே போவான். கயிறு நைந்தால் பிரித்து மறுபடி தைப்பார்கள். ஆகவே அதில் பழசு, புதுசு என்ற கோடே அழிந்திருந்தது.

அறியாதவர்கள் கப்பலில் பணம் போட வரும் இடத்தில்தான் சோதனை பிறக்கிறது. அர்த்தசாஸ்திரத்தில் நாவாய்களுக்கென்று ஒரு கண்காணிப்பாளர் வருகிறார். ஆள் குறைந்தோ சாமான் குறைந்தோ செப்பனிடாமலோ போன கலம் மூழ்கினால், இழப்பை அந்த அதிகாரி கொடுக்க வேண்டும் என்கிறது அது. எனக்குப் பிடித்த விதி. சான்று கொடுக்கிறவனின் மடியிலும் நெருப்பு இருக்க வேண்டும்.

லண்டனில் நடந்தது இன்னும் தெளிவான கதை. எட்வர்ட் லாயிட் என்பவரின் காப்பிக்கடையில் கப்பல்காரர்களும் காப்பீடு எழுதுகிறவர்களும் கூடுவார்கள். எங்கோ ஒரு துறையில் கட்டி எங்கோ ஒரு கடலில் ஓடுகிற கப்பலுக்கு, அதைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் பணத்தைப் பணயம் வைத்தார். அங்கே கூடியவர்கள் 1760இல் ஒரு சங்கம் வைத்து, கப்பல்களைப் பார்த்து மதிப்பிட்டு எழுதும் பதிவேட்டை 1764 முதல் வெளியிட்டார்கள். உடலுக்கு ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று ஐந்து தரம். கயிறு, நங்கூரம் முதலிய சாமான்களுக்கு நல்லது, நடுத்தரம், மோசம் என்று மூன்று தரம். கொஞ்ச நாளில் சாமான் தரம் எண்ணாக மாறியது. இன்றைக்கு மசால்வடை நன்றாக இருந்தாலும் நாம் சொல்கிற 'ஏ ஒன்' அங்கே பிறந்ததுதான்.

அந்தப் பதிவேட்டிலும் சண்டை வந்தது. 1797 வாக்கில், எந்த ஊரில் கட்டியது, எத்தனை வயது என்பதை வைத்தே தரம் கொடுக்கத் தொடங்கினார்கள். தேம்ஸ் நதிக்கரையில் கட்டியவற்றுக்குச் சலுகை. மற்ற ஊர்க் கப்பல்காரர்கள் கொதித்து 1799இல் தங்களுக்கென்று தனிப் பதிவேடு போட்டார்கள். இரண்டும் போட்டிபோட்டு நொடித்து 1834இல் ஒன்றாயின. ஊர்ப் பெயரை வைத்து மதிப்பிடுவது சுலபம். இறங்கித் தட்டிப் பார்ப்பது கஷ்டம். இந்தச் சோம்பல் லண்டனுக்கு மட்டும் உரியதல்ல. "குளச்சல் போட்டா, அப்ப கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்று இங்கே சொல்கிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நம்மவர் கட்டிய கலத்தை முழு அந்நியர் ஒருவர் வாங்கிய கதையும் உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930 வாக்கில் கட்டிய அன்னபூரணி என்ற இரட்டைப் பாய்மரக் கப்பல், ஏறத்தாழ 90 அடி நீளம். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதைப் பழைய கப்பலாகத்தான் வாங்கினார். சாதாரண ஆள் இல்லை அவர். 32 அடிப் பாய்க்கலத்தில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றியவர். மனைவியின் பெயரை அன்னபூரணிக்கு வைத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தார். தண்டையல் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் அதில் போனார்கள். சூயஸ் வழியாக மத்தியதரைக் கடலைக் கடந்து, அட்லாண்டிக்கையும் தாண்டி, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையில் போய்ச் சேர்ந்தது. இதில் எனக்குப் பிடித்தது ராபின்சனின் புத்திசாலித்தனம்தான். கப்பலோடு சேர்த்து அதை அறிந்தவர்களையும் அழைத்துக்கொண்டார். எந்தப் பலகை முனகும், எந்தக் காற்றில் எந்தப் பாயைச் சுருக்க வேண்டும் என்பது அவர்கள் கையில் இருந்தது.

மீன்பிடிப் படகுக்கு என்ஜின் வந்ததும் எங்கள் பக்கம் எல்லாம் மாறியது. ஐக்கிய நாடுகள், இந்தியா, நார்வே மூன்றும் 1952 அக்டோபரில் போட்ட ஒப்பந்தப்படி கொல்லம் பக்கத்து நீண்டகரையில் நார்வேத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் அரசு மானியத்தில் சின்ன விசைப்படகுகள் இறங்கின. பின்னால் இறாலுக்கு வெளிநாட்டில் விலை கிடைக்க, இழுவைமடிப் படகுகள் பெருகின. என்ஜின் படகுக்கு ஊர் கிடையாது. ஒரு கரையில் இறால் குறைந்தால் இன்னொரு கரைக்கு விற்றுவிடுவார்கள். நாகப்பட்டினத்துப் படகு தூத்துக்குடிக்கு வரும், ராமேசுவரத்துப் படகு கன்னியாகுமரிக்குப் போகும். அதன் ராசியைச் சொல்ல யாரும் கூட வரமாட்டார்கள். வருவது ஒரு கோட் புது பெயின்ட் மட்டும்தான்.

புது பெயின்ட்டைக் கண்டால் எனக்கு ஆகாது. கரையேற்றி நிறுத்திய படகுக்கு முதலில் அணியத்திலிருந்து பின்கோடிவரை ஏராவின் ஓரமாக ஒரு நூல் பிடிப்பேன். நடு உயர்ந்து இரண்டு முனையும் தொங்கியிருந்தால் முதுகு ஒடிந்த படகு. அதற்கு வைத்தியம் கிடையாது. அடுத்தது ஏராவை ஒட்டிய முதல் பலகை. அங்கேதான் ஆணித்தலை துருப்பிடித்துச் சிவப்பாக அழும். பெயின்ட் அடித்தாலும் சில நாளில் அந்தக் கண்ணீர் மேலே வந்துவிடும். அதனால்தான் முந்தாநாள் பெயின்ட் அடித்து நேற்று போன் பண்ணுகிறார்கள். தண்ணீர் மட்டம் படுகிற கோடு நனைந்தும் காய்ந்தும் கிடப்பதால் அங்கே கத்தி முனையால் குத்துவேன். விற்கிறவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், பார்த்தால் குத்த மனம் வராது. என்ஜின் உட்கார்ந்திருக்கிற கட்டை முக்கியம். டீசலும் ஆயிலும் சிந்திச் சிந்தி ஊறிய அந்த மரத்தில் போல்ட் பிடிமானம் போயிருந்தால், என்ன நல்ல என்ஜின் வைத்தாலும் தண்டு நேராக நிற்காது.

இதெல்லாம் நடப்பது தடைக்காலத்தில். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. 2017க்கு முன்பு 45 நாள்தான். படகெல்லாம் கரையேறி நிற்கும், மீன்வளத் துறை ஆய்வும் அப்போதே நடக்கும், ஓடாவிக்கும் வெல்டிங்காரருக்கும் கை ஓயாது. பழைய படகு கைமாறுகிற காலமும் அதுதான். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உடம்பை மே மாதம் பார்க்கலாம். ஓட்டத்தை ஜூன் நடுவில்தான் பார்க்க முடியும். நடுவில் முன்பணம் ஒரு பக்கம் தூங்கும். தடை முடிந்த அன்றைக்கே கடலுக்குப் போனால் நல்ல மீன்பாடு என்பதால், விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் வெள்ளோட்டத்தைச் சுருக்கிவிட ஆசை. "ஒரு ரவுண்டு அடிச்சுப் பாத்துட்டுப் பணத்த எண்ணிரலாம் அண்ணே" என்பார் விற்கிறவர். பணம் போடுகிறவர் என்னைப் பார்ப்பார். "அண்ணாச்சி, என்ன சொல்லுதிய?"

முதலில் என்ஜினில் கை வைப்பேன். சூடாக இருந்தால் ஆறட்டும் என்று டீக்கடைக்குப் போய்விடுவேன். நோயாளி என்ஜின் காலையில் கிளம்பாது. ஆள் வருவதற்கு முன்பே கிளப்பிச் சூடேற்றி வைத்திருப்பார்கள். குளிர்ந்த என்ஜின் தானாக எடுத்தால் பாதி நிம்மதி. அளவுகோலை இழுத்துப் பார்த்து ஆயில் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பிறகு புகை. பாரம் ஏறும்போது வருகிற கரும்புகை நாசிலையோ பம்பையோ காட்டும். சில சமயம் படகுக்குப் பொருந்தாத பெரிய விசிறி மாட்டியிருப்பதைக் காட்டும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்துவிட்டது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால் ஹெட்டைக் கழற்றாமல் விலை பேசக்கூடாது. எங்கள் பக்கத்துப் படகுகள் பலவற்றில் ஓடுவது லாரிக்குச் செய்த என்ஜினைக் கடலுக்கு மாற்றியது என்பதால், உப்புத் தண்ணீர் ஓடுகிற குளிர்விக்கும் குழாய்களைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

கடலுக்குள் போனபின் நான் கேட்பது அதிகமில்லை, ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டேன். காலையில் வேண்டாம், கச்சான் காற்று எழும்பிய பிறகு போகலாம் என்பேன். வெறும் படகாக வேண்டாம், ஐஸும் டீசலும் ஏறட்டும் என்பேன். முழு வேகத்தில் எதிர்காற்றில் போய், திரும்பி, பிறகு பக்கக்காற்றில் விட வேண்டும். சுக்கானை இரண்டு பக்கமும் முழுக்க ஒடிக்க வேண்டும். முன்னே ஓடுகிறதை ரிவர்ஸ் போட்டு நிறுத்த வேண்டும். கியர்பாக்ஸின் பொய் அங்கே உடையும். வின்ச்சைப் பாரத்தோடு சுற்றிப் பார்க்க வேண்டும். தண்டு வெளியே போகிற இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரவேண்டும். ஒரு சொட்டும் வராமல் உலர்ந்திருந்தால் பேக்கிங்கை முடுக்கி மறைத்திருக்கிறார்கள், தண்டைத் தொட்டால் சுடும்.

எல்லாம் முடிந்து, என்ஜினை அணைத்து அலைக்குப் பக்கவாட்டில் சும்மா விடச் சொல்வேன். இதைத்தான் புதுப் பையன்கள் கேட்க மறக்கிறார்கள். படகு வெடுக்வெடுக்கென்று ஆடினால் நிற்கிறவனுக்கு வேதனை, ஆனால் பயமில்லை. ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, மெதுவாகத் திரும்பி வருகிற படகு சுகமாக இருக்கும். அதுதான் ஆபத்து. மேல்கூரையில் வலையையும் சாமானையும் ஏற்றி ஏற்றி மேல்பாரம் கூடிப்போயிருக்கும். நிறைந்த மடியை ஒரு பக்கமாகத் தூக்கும்போது சாய்ந்தது சாய்ந்தபடி போய்விடும். படகின் ராசி என்று அப்பா காலத்தில் சொன்னது இந்த ஆட்டத்தையும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன். ஊர் வருஷக்கணக்காகப் பார்த்துத் தெரிந்துகொண்டதை, அந்நியன் கொஞ்ச நேரத்தில் பறிக்கப் பார்க்கிறான். அதுதான் வெள்ளோட்டம்.

தூத்துக்குடி விசைப்படகுகள் விடியற்காலை போய் இரவுக்குள் திரும்புகிறவை. நாகப்பட்டினத்தில் பல நாள் கடலிலேயே தங்குவார்கள். அங்கிருந்து வாங்குகிற படகுக்கு ஐஸ் அறை பெரிது. அதன் மூலை முடுக்கில் உருகிய ஐஸ் தண்ணீர் ஊறியிருக்கும். அப்பா நாக்கில் வைத்துப் பார்த்த நல்ல தண்ணீர்தான் அது, வேறு வழியாக உள்ளே வந்திருக்கிறது. அந்த அறையின் தெர்மோகோலைப் பெயர்த்து உள்மரத்தைக் காட்டச் சொன்னால் பல பேர் கோபப்படுவார்கள். கோபம் எவ்வளவு என்பதும் ஒரு தகவல்தான்.

மரத்திலும் என்ஜினிலும் தெரியாத ஓட்டை ஒன்று உண்டு. ஏலக்காரரோ ஏற்றுமதிக் கம்பெனியோ படகுக்காரருக்கு முன்பணம் கொடுத்திருப்பார்கள். கடன் தீரும்வரை மீன் அவருக்குத்தான் போக வேண்டும், விலையில் கழிவும் உண்டு. படகை விற்றால் அந்தக் கணக்கு படகோடு வருமா, ஆளோடு போகுமா என்பது பேச்சில் தீரவேண்டிய விஷயம். தீராமல் வாங்கியவரின் முதல் மீன்பாட்டையே ஏலக்கூடத்தில் மடக்கியதை நேரில் பார்த்திருக்கிறேன். இப்போது தாள் இருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். படகின் உடம்பில் எழுதிய எண்ணில் 06 என்றால் நாகப்பட்டினம், 10 என்றால் ராமநாதபுரம். பதிவுப் புத்தகத்தில் உள்ள நீளத்தை டேப் பிடித்து அளக்கவும், என்ஜின் எண்ணைத் துருவைச் சுரண்டிப் படிக்கவும் வேண்டும். ஆனால் முன்பணக் கடன் எந்தப் புத்தகத்திலும் ஏறாது. அதற்கு விற்கிற ஊரின் டீக்கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பழைய முறை அந்த ஒரு இடத்தில் இன்னும் செல்லும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்த பைபர் படகுகள் இந்தக் கதையின் கடைசித் திருப்பம். கட்டுமரத்தையும் வள்ளத்தையும் கடல் கொண்டுபோனது. தொண்டு நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் பைபர் படகு ஆர்டர் கொடுத்தன. கேட்ட வேகத்துக்குக் கட்டிக்கொடுக்க அதுவரை இல்லாத கொட்டகைகளெல்லாம் முளைத்தன. கொடுத்தவருக்குக் கடல் தெரியாது. கட்டியவருக்கு ஓட்டப்போகிறவரைத் தெரியாது. விற்கும்போது மட்டுமல்ல, உருவாகும்போதே அந்நியமான படகு எங்கள் கரைக்கு வந்தது அப்போதுதான். பைபரில் புழு விழாது, கலப்பத்து இல்லை. கோளாறு கண்ணாடி இழைப் பாய்க்கும் பிசினுக்கும் நடுவில் ஒளிந்துகொண்டது. பிசினை மிச்சப்படுத்திய இடத்தில் படலம் படலமாகப் பிரியும். நாணயத்தால் தட்டினால் அங்கேயும் சத்தம் செத்துப்போகும். அப்பாவின் சுத்தியல் வித்தை நாணயத்துக்கு மாறியதோடு சரி. பெயின்ட் அடிக்காத படகென்றால் கவிழ்த்துப் போட்டு உள்ளே புகுந்து வெயிலைப் பார்ப்பேன். மெல்லிய இடமெல்லாம் வெளிச்சமாகத் தெரியும். மிதப்புக்காக அடைத்து வைத்த பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. வழக்கமாகத் தூக்குகிற ஆட்களால் தூக்க முடியாதபோதுதான் தெரியும். கட்டுமரத்தின் முனையைத் தூக்கிப் பார்த்த அதே சோதனை.

இப்போது இரும்புப் படகுகள் வருகின்றன. தகட்டின் தடிமனை அளக்கச் சின்னக் கருவி இருக்கிறது. என் காதுக்கு அங்கே வேலை குறைவு. வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பி, "பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்கிறார்கள். படகு ஓடுகிற வீடியோவை நான் திறப்பதே இல்லை. பாட்டுப் போட்டு எடுத்திருப்பார்கள், என்ஜின் சத்தம் கேட்காது. எனக்கு வேண்டியது மூன்றுதான்: என்ஜின் கட்டையின் அடிப்பக்கம், ஐஸ் அறையின் மூலை, ஆறிக்கிடக்கிற என்ஜின்மேல் கை வைத்துவிட்டு வெட்டில்லாமல் அப்படியே கிளப்புகிற காட்சி. கேட்ட மூன்றும் வந்து, பார்க்கவும் நன்றாக இருந்தால் பஸ் ஏறுவேன். வரவில்லையென்றால் அந்தப் படகைப் பற்றி மேற்கொண்டு பேச்சில்லை.